அனிமே தொடர்களில் நிரப்புப் பகுதிகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நிரப்புப் பகுதி என்பது, மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையைத் தழுவி எடுக்கப்படும் அனிமே தொடரில், மூலக்கதையில் இல்லாமல் தொடர் தயாரிப்பாளர்களால் புதிதாக எழுதிச் சேர்க்கப்படும் பகுதி ஆகும். இளைஞர்கள் இதனை 'ஃபில்லர்' என்றே வழங்குகின்றனர். நருட்டோ, பிளீச், ஒன் பீஸ், டிராகன் பால் இசட் போன்ற நெடுந்தொடர்களில் இத்தகைய பகுதிகள் பத்துக் கணக்கில், சிலவற்றில் நூற்றுக் கணக்கில் உள்ளன.

2022 முதல் நருட்டோ தமிழ் ஒலிமாற்றத்துடன் இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. 2023 முதல் இணைய ஓடைத் தளங்களிலும் தமிழ் ஒலிமாற்றம் கொண்ட அனிமே தொடர்கள் வரத் தொடங்கின. இதனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் பள்ளி மாணவர்களும் இத்தொடர்களைத் தம் மொழியில் பார்க்கின்றனர். நூற்றுக் கணக்கான பகுதிகளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவர்களுக்கும் எழுகிறது. நிரப்புப் பகுதிகள் தோன்றும் காரணம், அவற்றின் வகைகள், தேர்வு செய்யும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோன்றக் காரணம்

ஜப்பானில் புகழ்பெற்ற மங்காக்கள் பல வார இதழ்களில் தொடராக வெளிவருபவை. வாரத்திற்கு ஓர் அத்தியாயம், ஏறத்தாழ 18 முதல் 20 பக்கங்கள். ஓர் அனிமே பகுதி பாடல்களையும் சேர்த்து ஏறத்தாழ 23 நிமிடம் ஓடும். அந்த நேரத்தை நிரப்ப, சராசரியாக இரண்டு அத்தியாயங்கள் தேவைப்படும். எனவே அனிமே, மங்காவைவிட இரு மடங்கு வேகத்தில் கதையைத் தின்றுகொண்டே போகிறது.

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மங்கா தொடங்கி 3 ஆண்டுகள் கழித்து அதன் அனிமே தொடங்குகிறது என்று கொள்வோம். இதழின் விடுமுறை வாரங்களைக் கழித்து ஆண்டுக்கு 48 அத்தியாயங்கள் என்றால், 3 ஆண்டுகளில் 144 அத்தியாயங்கள் கையிருப்பில் இருக்கும். அனிமே ஆண்டுக்கு 50 பகுதிகள் வீதம் 100 அத்தியாயங்களைச் செலவழிக்கும். மங்காவிலிருந்து 48 அத்தியாயங்கள் புதிதாக வரும். ஆக ஆண்டுதோறும் கையிருப்பில் 52 குறையும். 144 ஐ 52 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.8. அதாவது மூன்று ஆண்டுகள் முடியும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும்.

நடந்ததும் ஏறத்தாழ இதுவே. மசாஷி கிஷிமோட்டோவின் நருட்டோ மங்கா 1999 இல் தொடங்கியது; அனிமே 2002 அக்டோபரில் தொடங்கியது. 2005 இல் 135 ஆம் பகுதியோடு கையிருப்பு தீர்ந்தது. அதன்பின் 136 முதல் 219 வரையான 84 பகுதிகள் ஏறக்குறைய முழுவதும் நிரப்புக் கதைகளே. 2007 பிப்ரவரியில் 220 ஆம் பகுதியுடன் முதல் தொடர் முடிந்தது. ஒரு வாரம் கழித்து 'நருட்டோ ஷிப்புடென்' என்ற பெயரில் மூலக்கதை மீண்டும் தொடங்கியது.

காவிரிப் பாசனத்தோடு ஓர் ஒப்பீடு

காவிரிப் படுகையைச் சேர்ந்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்ளலாம். மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடுவது வழக்கம். அணைக்கு வரும் நீரைவிட வெளியேறும் நீர் மிகுந்தால் நீர்மட்டம் இறங்கும். அப்போது மூன்று வழிகள் உண்டு. முதலாவது, திறக்கும் அளவைக் குறைத்து வாய்க்காலில் சிறுகச் சிறுக விடுவது. இரண்டாவது, முறை வைத்துச் சில நாள் திறந்து சில நாள் மூடுவது. மூன்றாவது, ஆற்று நீரை எதிர்பாராமல் பம்புசெட் வைத்து நிலத்தடி நீரை இறைத்துப் பயிரைக் காப்பாற்றுவது.

மங்காவை அணையாகவும் வாராந்திர ஒளிபரப்பை வயலாகவும் கொண்டால், அனிமே தயாரிப்பாளர்களிடமும் இதே மூன்று வழிகள்தாம் உள்ளன.

அளவைக் குறைப்பது: ஒன் பீஸ் பெரும்பாலும் இவ்வழியில் சென்றது. எயிச்சிரோ ஓடாவின் மங்கா 1997 இலும் அனிமே 1999 அக்டோபரிலும் தொடங்கின. 1,100 பகுதிகளைக் கடந்த இத்தொடரில் நிரப்புப் பகுதிகள் அளவுக்கு ஒப்பிடக் குறைவு. அதற்கு மாற்றாக, பிற்காலப் பகுதிகளில் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காட்சிகளை நீட்டினர். முன்கதைச் சுருக்கமும் நீண்டது.

முறை வைப்பது: அட்டாக் ஆன் டைட்டன், டீமன் ஸ்லேயர் போன்ற பிற்காலத் தொடர்கள் பருவம் பருவமாக வெளிவந்தன. ஒரு பருவம் முடிந்தால் இடைவெளி. மூலக்கதை சேர்ந்தபின் அடுத்த பருவம். இவற்றில் நிரப்புப் பகுதி மிகக் குறைவு. ஒன் பீஸ் தொடரும் 2026 முதல் ஆண்டுக்கு 26 பகுதிகளுக்கு மிகாமல் வெளிவரும் என்று 2025 இல் அறிவிக்கப்பட்டது.

இறைத்துப் பாய்ச்சுவது: நருட்டோவும் பிளீச்சும் இவ்வழியைக் கையாண்டன. வாராந்திர ஒளிபரப்பு நேரத்தை விட்டுக்கொடுத்தால் அது வேறு தொடருக்குப் போய்விடும். விளம்பரதாரரும் பார்வையாளரும் விலகிவிடுவர். ஆகவே மூலக்கதை வரும்வரை சொந்தக் கதை எழுதி நேரத்தை நிரப்பினர்.

நிரப்புப் பகுதிகளைச் சோம்பலின் விளைவு என்று சிலர் எழுதுவது பொருந்தாது. வாரந்தோறும் ஒரு பகுதியை ஒளிபரப்பியே தீர வேண்டிய தொழிலின் நெருக்கடியே அவற்றைத் தோற்றுவித்தது. பம்புசெட் நீரில் விளைந்த நெல்லும் நெல்தான். ஆனால் எல்லா வயலிலும் அது ஒரே தரத்தில் விளைவதில்லை.

வகைகள்

ரசிகர்கள் தொகுத்துள்ள பட்டியல்களில் பகுதிகள் பொதுவாக மூன்று வகையாகக் குறிக்கப்படுகின்றன.

1. மூலக்கதைப் பகுதி: மங்காவில் உள்ள நிகழ்ச்சிகளையே காட்டுவது.

2. கலப்புப் பகுதி: மூலக்கதையும் புதிதாகச் சேர்த்ததும் ஒரே பகுதிக்குள் வருவது.

3. நிரப்புப் பகுதி: முழுவதும் அனிமேக்காக எழுதப்பட்டது. இது ஒரே பகுதியில் முடியும் தனிக்கதையாகவும் இருக்கலாம். பல பகுதிகள் நீளும் தொடர்கதையாகவும் இருக்கலாம்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு உண்டு.

முதலாவது கிளைக்கதை. மகாபாரதத்தில் நளன் கதை பாண்டவர் கதையை முன்னே நகர்த்துவதில்லை. ஆயினும் அது நூலின் உறுப்பு. ஒன் பீஸில் 46, 47 ஆம் பகுதிகள் நாயகனை விட்டுவிட்டு பக்கி என்ற கோமாளிக் கடற்கொள்ளையன் பின்னால் செல்கின்றன. பார்ப்பதற்கு நிரப்பு போலத் தோன்றும். ஆனால் அக்கதையை மூல ஆசிரியரே மங்காவின் அத்தியாய முகப்புப் படங்களில் சிறுசிறு காட்சிகளாக வரைந்திருந்தார். நாயகன் இல்லாத பகுதி எல்லாம் நிரப்பு அன்று.

இரண்டாவது மாற்றுக்கதை. 2003 இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடர் 51 பகுதிகள் கொண்டது. மங்கா முடியாத நிலையில் அது பாதி வழியில் பிரிந்து தனக்கென ஒரு முடிவை அமைத்துக்கொண்டது. 2009 இல் மூலக்கதையைப் பின்பற்றி 64 பகுதிகளில் 'பிரதர்ஹுட்' வந்தது. முதல் தொடரின் பிற்பாதியை நிரப்பு என்று தள்ளினால் அக்கதைக்கு முடிவே இல்லாமல் போகும்.

தமிழ் மரபில் இதன் இணை

பிறர் எழுதிச் சேர்த்ததை என்ன செய்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதன்று. மயிலாடுதுறையை அடுத்த தேரழுந்தூரில் பிறந்தவர் கம்பர். 10,000 பாடல்களுக்கும் மேல் உள்ள அவருடைய இராமாயணத்தில் பிற்காலத்தவர் பாடிச் சேர்த்த பாடல்களும் ஏடுகளில் கலந்திருந்தன. வெள்ளியம்பலத் தம்பிரான் பாடியவை என்ற செவிவழிச் செய்தியை ஒட்டி அவற்றை 'வெள்ளிப் பாடல்கள்' என்று சொல்வதும் உண்டு. பதிப்பாசிரியர்கள் அவற்றைக் கண்டறிந்து 'மிகைப்பாடல்கள்' என்று பெயரிட்டு, நூலிலிருந்து பிரித்துத் தனியே அச்சிட்டனர். அழித்துவிடவில்லை, மூலத்தோடு கலக்கவும் விடவில்லை. விரும்புவோர் தனியே படிக்கலாம்.

அனிமேயிலும் இதற்கு நிகரான பதிப்பு ஒன்று உண்டு. அகிரா டோரியாமாவின் மங்காவைத் தழுவிய டிராகன் பால் இசட் 1989 முதல் 1996 வரை 291 பகுதிகளாக வந்தது. அதன் இருபதாம் ஆண்டையொட்டி 2009 இல் 'டிராகன் பால் காய்' என்ற திருத்தப் பதிப்பை டோயி நிறுவனம் வெளியிட்டது. நிரப்புக் காட்சிகளையும் நீட்டல்களையும் பெருமளவு நீக்கி, கதையை மங்காவுக்கு அருகில் கொண்டுவருவதே அதன் நோக்கம். நேரம் குறைவாக உள்ளவர்க்குக் காய் போதும். பழைய தொடரும் அழிந்துவிடவில்லை.

நெடுந்தொடர் எல்லாமே நிரப்பு கேட்கும் என்பதும் இல்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. எழுதுபவரும் வெளியிடுபவரும் ஒரே வேகத்தில் சென்றதால் அங்கே இட்டு நிரப்ப வேண்டிய தேவை எழவில்லை. மூலம் ஒரு வேகத்திலும் தழுவல் வேறு வேகத்திலும் ஓடும்போதுதான் இச்சிக்கல் பிறக்கிறது.

நேரக் கணக்கு

நருட்டோவின் 136 முதல் 219 வரை 84 பகுதிகள். பகுதிக்கு 23 நிமிடம் எனில் 1,932 நிமிடம். ஏறத்தாழ 32 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் பார்க்கும் மாணவருக்கு ஒரு மாதம். பிளீச்சில் 64 முதல் 109 வரையான 'பவுண்ட்' கதை 46 பகுதிகள். ஏறத்தாழ பதினேழரை மணி நேரம். அரையாண்டுத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையில் உள்ள ஒரு மாணவருக்கு இது சிறிய செலவு அன்று.

நேரம் மட்டுமே இழப்பும் அன்று. விறுவிறுப்பான கட்டத்தில் நீண்ட நிரப்புக் கதை குறுக்கிட்டால் பலர் தொடரையே கைவிடுகின்றனர். அதனால் பின்னால் வரும் நல்ல பகுதிகளையும் இழக்கின்றனர். மறுபக்கம், பட்டியலில் 'நிரப்பு' என்று கண்ட எல்லாவற்றையும் தள்ளுவோர் சில அருமையான பகுதிகளைத் தவறவிடுகின்றனர்.

தேர்வு செய்யும் முறை

கீழ்க்காணும் கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பார்த்தால் முடிவு எளிதாகும்.

1. இது கலப்புப் பகுதியா? ஆம் எனில் விடக் கூடாது. அதில் வரும் ஐந்து நிமிட மூலக்கதை பின்னால் தேவைப்படலாம்.

2. எந்த இடத்தில் குறுக்கிடுகிறது? ஒரு பெருங்கதை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருவது இளைப்பாறும் இடம், பார்க்கலாம். போர் நடக்கும்போது நடுவில் வருவது கதையை அறுக்கும். பிளீச்சின் 168 முதல் 189 வரையான 'அமகாய்' கதை இதற்குச் சான்று. ஹுவேக்கோ முண்டோவில் கடும் சண்டை நடந்துகொண்டிருக்க, அதற்குத் தொடர்பில்லாத புதுக்கதை தொடங்குகிறது. சண்டையில் இருந்தவர்களே வேறிடத்தில் நலமாகக் காட்சி தருகின்றனர். முதன்முறை பார்ப்பவர் இதனைத் தாண்டி 190 க்குச் சென்றுவிடுவது நல்லது.

3. யாரைப் பற்றியது? மூலக்கதையில் இடம் கிடைக்காத துணைப் பாத்திரங்களை அறியச் செய்தால் அது பயன் தரும். ஷிப்புடெனில் 57 முதல் 71 வரையான கதை ஆசிரியர் அசுமாவின் கடந்த காலத்தைச் சொல்கிறது. 72 முதல் வரும் மூலக்கதையில் அசுமாவுக்கு முக்கிய இடம் உண்டு. அவரை முன்பே நன்கு அறிந்தவருக்கு அப்பகுதிகள் ஆழமாகப் படும். நேரம் உள்ளவர் பார்க்கலாம். 349 முதல் 361 வரையான பகுதிகள் ககாஷியின் இளமைக்காலம் பற்றியவை. நன்றாக எடுக்கப்பட்டவை; ஆனால் பெரும்போரின் நடுவில் வருகின்றன. இவற்றைத் தள்ளிவைத்து, போர் முடிந்தபின் தனியே பார்ப்பது சிறந்தது.

4. தனித்து நிற்கிறதா? ஒரே பகுதியில் முடியும் நகைச்சுவைக் கதைகளில் இழப்பு குறைவு, மகிழ்ச்சி மிகுதி. முகமூடிக்குப் பின்னால் ககாஷியின் முகம் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் மூவரும் வேவு பார்க்கும் நருட்டோ 101 ஆம் பகுதியும், கோக்கூவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்கும் டிராகன் பால் இசட் 125 ஆம் பகுதியும் நிரப்புகளே. இவற்றைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

5. முதல் இரண்டு பகுதிகள் பிடித்தனவா? நீண்ட நிரப்புக் கதையானால் இரண்டு பகுதிகள் மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். ஒன் பீஸில் 196 முதல் 206 வரையான 'ஜி-8' கதை, வான்தீவிலிருந்து இறங்கும் கப்பல் கடற்படைக் கோட்டைக்குள்ளேயே வந்து விழுவதில் தொடங்குகிறது. தப்பிக்கும் வழிகளும் நகைச்சுவையும் மூலக்கதைக்கு ஈடாக அமைந்துள்ளன. இதனை ரசிகர்கள் பலர் நல்ல நிரப்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர்.

6. தொடரின் அமைப்பு என்ன? டிடெக்டிவ் கோனன் 1996 முதல் ஒளிபரப்பாகிறது. ஒவ்வொரு வழக்கும் ஓரிரு பகுதிகளில் முடிவதால், நிரப்பா மூலமா என்பது பெரும்பாலான பகுதிகளில் பொருட்டல்ல. வழக்கு சுவையாக உள்ளதா என்பதே கேள்வி.

பட்டியலைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

பகுதிகளின் தலைப்புகளே சில வேளை கதையை உடைத்துவிடும். 'இன்னாரின் மறைவு' என்று ஒரு தலைப்பைப் படித்துவிட்டால் அதன்பின் எதிர்பார்ப்பு இல்லை. ஆகவே பட்டியலை முழுவதும் படிக்காமல், அடுத்து வரும் பத்துப் பகுதிகளின் எண்களை மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது. தொடரை முன்பே பார்த்த அண்ணனோ தோழியோ இருந்தால், எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம்.

எண்களும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. டிராகன் பால் இசட்டின் முதல் 67 பகுதிகள் அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானபோது 53 ஆகச் சுருக்கப்பட்டன. சில தளங்கள் பருவந்தோறும் 1 இலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. எனவே, தாண்டிச் சென்று பார்க்கும் முதல் பகுதியின் முன்கதைச் சுருக்கம் தாம் கடைசியாகப் பார்த்த மூலக்கதையோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் உள்ள எண்கள் ஜப்பானிய ஒளிபரப்பு வரிசைப்படி அமைந்தவை.

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தாண்டிச் செல்லும் வசதி இல்லை. நிரப்புக் கதை ஓடும் வாரங்களைப் பாடத்திற்கு ஒதுக்கிவிட்டு, மூலக்கதை தொடங்கும்போது திரும்பி வரலாம்.

பார்த்த மூலக்கதையின் வரிசை குலையாதவரை, விட்ட நிரப்புப் பகுதியால் கதை புரியாமல் போவதில்லை. ஆகவே விடுவது நிரந்தர முடிவு அன்று. இப்போது நேரமில்லாதவர் விட்ட எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, தொடர் முழுவதும் முடிந்தபின் கோடை விடுமுறையில் பார்க்கலாம். பிடித்த பாத்திரங்களைப் பிரிய மனமில்லாத அந்நேரத்தில், முன்பு இடையூறாகத் தோன்றிய பகுதிகளே பலருக்கு இனிமையாக அமைகின்றன.